வான்காரர் லைட் வெட்டினால் என்ன அர்த்தம்?

கேள்வி:

லண்டன் ஹரோவில் ஒன்பது வருடம் கார் பழக்கினேன். பச்சை பட்ஜ் வைத்திருந்த, முழுத் தகுதி பெற்ற பயிற்றுநர். கணவரின் தாய் தகப்பனுக்கு வயதாகிவிட்டதால் எட்டு மாதங்களுக்கு முன் குடும்பத்தோடு இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்கு வந்துவிட்டோம். இங்கே கார் எடுக்கவே கை நடுங்குகிறது. போன மாதம் ஒரு சந்தியில் எதிரே வந்த வான்காரர் இரண்டு தரம் லைட் வெட்டினார், அதாவது முன் லைட்டை மின்னிக் காட்டினார். வழி விடுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். மயிரிழையில் தப்பினேன். இன்னொரு நாள் சுற்றுவீதியில், பக்கப் பாதையிலிருந்து ஏறக் காத்துக்கொண்டிருந்த ஒரு கிழவருக்காகக் காரை நிறுத்தினேன். பின்னால் வந்தவர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறப் பார்த்தார்கள். இப்போதுதான் ஃபொல்யோ ரோசா (கார் பழகுபவருக்கான அனுமதிப் பத்திரம்) எடுத்திருக்கும் என் மருமகன், "அன்ரி, நீங்கள் துரிஸ்தா (சுற்றுலாப் பயணி) மாதிரி ஓடுறீங்கள்" என்று சிரிக்கிறான். அதே வாயால், தனக்குப் பக்கத்தில் இருந்து பழக்கச் சொல்லியும் கேட்கிறான். இங்கேயும் பயிற்றுநராக வேலை செய்ய எனக்கு ஆசை. லண்டன் தகுதி இங்கே செல்லுமா? இவர்கள் ஓடும் விதத்தைப் பார்த்தால் நான் எதைப் பழக்குவது, சட்டத்தையா, பழக்கத்தையா?

- ஒரு வாசகி, பலெர்மோ

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

வயதில் மூத்தவன் என்ற உரிமையில் அப்படிக் கூப்பிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக இதே ஊரில் ஓர் அவுத்தோஸ்குவோலா (கார் பழக்கும் பள்ளி) காரின் வலப்பக்கச் சீட்டில் இருந்து சம்பளம் வாங்குகிறவன் நான். முதலில் அந்த வான்காரரைப் பார்ப்போம்.

அவர் உங்களை ஏமாற்றவில்லை. லண்டனில் எதிரே வருபவர் லைட் வெட்டினால் "நீங்கள் போங்கோ" என்று எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே அதே வெட்டுக்கு "நான் வாறன், நில்" என்று அர்த்தம். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று அவர் பிரேக்கில் காலும் வைக்கமாட்டார். உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணம் கே.கே.எஸ். வீதியில் எதிரே வந்த மினிபஸ் லைட் வெட்டினால் அவர் என்ன செய்தார்? சைக்கிளை ஓரங்கட்டினார். அதே பாஷைதான் இங்கேயும். யாழ்ப்பாணத்திலிருந்து நேரே பலெர்மோவுக்கு வந்தவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் குழப்பம் வந்து நான் கண்டதில்லை. லண்டன் வழியாக வந்தவர்களுக்குத்தான் வருகிறது.

இன்னும் ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. நீங்கள் ஒன்பது வருடம் பழக்கிய ஹைவே கோட் என்ற பிரித்தானிய வீதி விதிப் புத்தகத்தை எடுத்து 110ஆம் விதியைத் திரும்ப வாசியுங்கள். நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டும்தான் லைட் வெட்டலாம், வேறெந்தச் செய்திக்கும் அல்ல என்று இருக்கும். அடுத்த விதி, ஒருவர் லைட் வெட்டினால் அது உங்களைப் போகச் சொல்வதாக நினைக்கவேண்டாம் என்கிறது. ஆகப் புத்தகத்துக்குக் கிட்ட நிற்பவர் பலெர்மோ வான்காரர். ஹரோவில் தினமும் நடப்பதுதான் புத்தகத்தில் இல்லாத பழக்கம். லண்டனிலும் நீங்கள் சட்டத்தையும் பழக்கத்தையும் சேர்த்துத்தான் பழக்கினீர்கள். அங்கே அந்தப் பழக்கம் உடம்போடு ஊறிக் கிடந்ததால் கண்ணில் படவில்லை. இங்கே படுகிறது.

சரி, கிழவர் கதை. சுற்றுவீதி என்று நீங்கள் எழுதியது வியாலே ரெஜோனே சிசிலியானாவைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அன்று பிழை விட்டது நீங்கள்தான். கார்கள் விரைந்து ஓடும் பெருவீதியில், முன்னுரிமை உங்களிடம் இருக்கும்போது, காரணம் தெரியாமல் முழுதாக நிற்கும் கார் இங்கே ஒருவருக்கும் விளங்காது. முன்னால் விபத்தா, எஞ்சின் நின்றுவிட்டதா என்று பின்னால் வருபவர் யோசித்து முடிப்பதற்குள் உங்கள் பம்பரில் இருப்பார். இடைவெளி விடாமல் வந்தது அவருடைய பிழை, சட்டமும் அதைத்தான் சொல்லும். ஆனால் கழுத்து உங்களுடையது.

இங்கே யாரும் வழி விடுவதில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். விடுவார்கள், ஆனால் நிற்காமல் விடுவார்கள். அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, முன்னால் ஒரு கார் நீளத்துக்கு மெல்ல இடம் திறப்பார்கள். கை காட்டமாட்டார்கள், லைட் வெட்டமாட்டார்கள். பக்கத்தில் நிற்பவர் அந்த இடத்தைக் கண்டால் எடுத்துக்கொள்வார். காணாவிட்டால் இரண்டு செக்கனில் மூடிவிடும். நன்றியும் கிடையாது. நன்றி சொல்லக் கை தூக்கினால் என்ன பிரச்சினையோ என்று பார்ப்பார்கள். இந்தத் திறக்கிற, மூடுகிற இடங்களைப் பார்க்கக் கண் பழகியதும், முன்பு வெறும் சண்டையாகத் தெரிந்த வீதியில் நிறையப் பேர் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டிருப்பது தெரியவரும்.

எனக்குக் கண் பழகிய விதத்தைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இங்கேயே பிறந்த நம்முடைய பிள்ளை ஒன்றைப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஒடுங்கிய தெருவிலிருந்து அகலமான வீதிக்கு ஏறவேண்டும், ஸ்டொப் பலகை இருக்கிறது. பிள்ளை வெள்ளைக் கோட்டில் வடிவாக நிறுத்தி, இடம் வலம் இடம் என்று பார்த்தாள். இடைவெளி இல்லை. பொறு என்றேன். திரும்பப் பார்த்தாள். பொறு என்றேன். பின்னால் மூன்று ஹோர்ன். நாலாவது நிமிடம் பின் காரிலிருந்து ஒருவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, பிள்ளையிடம் மிக மரியாதையாக, "சிஞ்ஞோரீனா, பூ ஏதும் பறிக்கிறீர்களா?" என்று கேட்டார். பிள்ளை அழுதுவிட்டாள். எனக்கும் கிட்டத்தட்ட அந்த நிலைதான்.

அன்று பின்னேரம் எங்கள் மூத்த பயிற்றுநர், சிசிலிக்காரர், என்னை அதே சந்திக்குக் கூட்டிப்போய்த் தானே ஓடிக் காட்டினார். கோட்டில் முழுதாக நின்றார். இதில் பேச்சே இல்லை. ஸ்டொப் என்றால் சில்லு உருளக்கூடாது, உருண்டால் சோதனையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு கிளச்சில் அரை மீற்றர் நகர்ந்து நின்றார். இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்றார். காரின் மூக்கு இப்போது வீதியில் வருபவர்களுக்குத் தெரிந்தது. முதலாவது கார் போனது, இரண்டாவதும் போனது. மூன்றாவது கார் வரும்போது, "அவருடைய லைட்டைப் பார்க்காதே, முன் சில்லைப் பார், பிறகு நாடியைப் பார்" என்றார். அந்தக் காரின் மூக்கு இலேசாகக் கீழே குனிந்தது, பிரேக் பிடித்தால் குனியுமே, அப்படி. ஓட்டியவர் நாடியை ஓர் அங்குலம் மேலே தூக்கினார். எங்கள் ஆள் உடனே ஏறினார். ஏறும்போது தயங்கவில்லை. பாதியில் தயங்கி நிற்கும் கார்தான் இந்த ஊரில் அடிபடும்.

நிற்கிற காருக்கு இவர்கள் இடம் தருவதில்லை, வந்துகொண்டிருக்கிற காருக்குத் தருவார்கள். அதற்காக மூக்கை நீட்டியதும் உரிமை வந்துவிட்டதென்று நினைக்கவும் கூடாது. இத்தாலிய நீதிமன்றத் தீர்ப்புகளில் பிரெச்செதென்சா தி ஃபாத்தோ என்று ஒரு சொல் அடிபடும். யார் முதலில் சந்திக்குள் வந்துவிட்டாரோ அவருக்கு நடைமுறையில் கிடைக்கும் முன்னுரிமை. மற்றவரைப் பிரேக் அடிக்க வைக்காமல், திசை மாற வைக்காமல், தாராளமான இடைவெளியில் கடக்க முடிந்திருந்தால்தான் அதை ஏற்பார்கள். இடித்துவிட்டு அதைச் சொல்லித் தப்ப நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. பிள்ளைகளுக்கு நான் மூக்கு நீட்டப் பழக்குவது மற்றவர் தங்களைக் காண்பதற்காக. அவரைப் பயமுறுத்துவதற்கு அல்ல.

உங்களுக்கு இதைவிடக் கஷ்டம் தரப்போவது வலப்பக்கம். லண்டன் சுற்றுவட்டத்தில் வலமிருந்து வருபவருக்கு விட்டுப் பழகிய கண் உங்களுடையது. இங்கே வட்டம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. நுழைவாயிலில் தலைகீழ் முக்கோணப் பலகை இருக்கும், உள்ளே சுற்றுபவர் உங்கள் இடப்பக்கத்தால் வருவார், அவருக்கு விடவேண்டும். ஆனால் பலகை ஒன்றும் இல்லாத சின்னச் சந்திகளில் வலமிருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை. இங்கிலாந்தில் அப்படிப்பட்ட சந்தியில் ஒருவருக்கும் முன்னுரிமை கிடையாது, எல்லோரும் கவனமாகப் போகவேண்டும், அவ்வளவுதான். இங்கே ஒரு குப்பைத்தொட்டிக்குப் பின்னாலிருந்து, பார்க்கக்கூட மினக்கெடாமல் ஒரு பழைய ஃபியட் பண்டா கார் வந்து விழும், உரிமையும் அதனுடையதாகவே இருக்கும். "சந்தியில் வலம், வட்டத்தில் இடம்" என்று ஒரு மாதம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓடுங்கள். பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். நான் அப்படித்தான் மனதில் ஏற்றினேன்.

சமிக்ஞை விளக்கிலும் ஒரு சின்ன வித்தியாசம். சிவப்போடு மஞ்சளும் சேர்ந்து எரிந்து "ஆயத்தமாகு" என்று சொல்வது இங்கே கிடையாது. சிவப்பு அணைந்ததும் நேரே பச்சை. உங்கள் கால் அந்த மஞ்சளுக்காகக் காத்திருக்கும், பின்னால் இருப்பவரின் கை ஹோர்னுக்காகக் காத்திருக்கும். அந்த ஹோர்னைத் திட்டாக எடுக்கவேண்டாம். "பச்சை விழுந்திட்டுது" என்ற தகவல் அது. இங்கே ஹோர்னுக்கு நாலைந்து அர்த்தம் உண்டு. உண்மையாகவே திட்டுகிற ஹோர்ன் நீளமாக இருக்கும், கூடவே கையும் வெளியே வரும்.

இதுவரை நான் எழுதியதை வைத்து, இத்தாலியர் ஓட்டம் ஒரு கலை, பழகிவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்துவிடக்கூடாது. அப்படிப் பேசுகிற நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்கு எரிச்சல் வரும். 2023இல் இத்தாலி வீதிகளில் இறந்தவர்கள் 3,039 பேர். அதே வருடம் பிரித்தானியாவில் 1,624. சனத்தொகை அங்கேதான் கூட. மேலே சொன்ன நாடியசைவுப் பேச்சுவார்த்தை தவறுகிற இடங்களும் இந்தக் கணக்கில் உண்டு. ஸ்கூட்டர்க்காரர்தான் அதில் முதலில் விழுகிறவர்.

ஸ்கூட்டரைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லவேண்டும். லண்டனில் இடப்பக்கம் திரும்பும்போது சைக்கிள்காரருக்காக இடக் கண்ணாடியைப் பார்க்கப் பழக்கினீர்கள். இங்கே அது வலக் கண்ணாடி. நீங்கள் வலப்பக்கம் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பிக்கொண்டிருக்கும்போதே, உங்களுக்கும் நடைபாதைக்கும் நடுவில் உள்ள ஒரு முழ இடத்தால் மோட்டொரீனோ ஒன்று நுழையும். பலகை, கோடு, புத்தகம் எல்லாம் உங்கள் பக்கம் இருந்தாலும் விழப்போவது பதினாறு வயதுப் பொடியன். என் காரில் வலக் கண்ணாடி பார்க்காமல் திரும்பும் பிள்ளைக்கு அன்றைய பாடம் அந்த இடத்தோடு முடிந்தது, மிச்ச நேரம் காரை நிறுத்தி வைத்துக் கதைதான். இதில் நான் பழக்கத்துக்கு இடமே கொடுப்பதில்லை. பாதசாரிக் கடவையிலும் அப்படித்தான். கடவையில் ஆள் கால் வைத்தால் நிற்கவேண்டும். அங்கே மட்டும் பின்னால் எத்தனை ஹோர்ன் கேட்டாலும் நிற்கவேண்டும். ஆனால் முன்கூட்டியே பிரேக்கைத் தொட்டுத் தொட்டுப் பின் லைட்டால் பின்னுக்கு வருபவருக்குச் சொல்லிக்கொண்டு நிறுத்துங்கள். கிழவருக்காக நின்றபோது நீங்கள் செய்யாமல் விட்டதும் அதுதான்.

இனி வேலை. பயிற்றுநர் வேலையை யோசிப்பதற்கு முன், உங்கள் பிரித்தானிய லைசென்ஸை மாற்றியாகிவிட்டதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இங்கே வதிவிடம் பதிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குத்தான் அதை வைத்து ஓடலாம். எட்டு மாதம் போய்விட்டது. 2023 மார்ச் 30 முதல் பிரித்தானியாவுக்கும் இத்தாலிக்கும் ஒப்பந்தம் நடைமுறையில் இருப்பதால் திரும்பச் சோதனை எழுதாமல் மாற்றலாம். இந்தக் கிழமையே மோட்டோரிட்சாசியோனே என்ற லைசென்ஸ் கந்தோருக்குப் போங்கள், இல்லாவிட்டால் ஓர் அவுத்தோஸ்குவோலாவிடம் காசு கொடுத்துச் செய்வியுங்கள். வரிசையில் நிற்கிற நேரத்தைக் கணக்குப் பார்த்தால் இரண்டாவது வழி மலிவு.

உங்கள் பச்சை பட்ஜ் இங்கே தானாகச் செல்லாது. வருத்தமாக இருக்கும், எனக்கு விளங்குகிறது. 2011 ஜனவரியில் வந்த 17ஆம் இலக்க அமைச்சு ஆணைதான் இந்தத் தொழிலுக்கு அடிப்படை. அது இரண்டு வேலையைப் பிரிக்கிறது: வகுப்பில் பாடம் நடத்தும் இன்செஞ்ஞாந்தே, காரில் இருக்கும் இஸ்த்ருத்தோரே. இரண்டுக்கும் நூறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பாடநெறியும் சோதனையும் உண்டு, எல்லாம் இத்தாலிய மொழியில். வகுப்பு ஆசிரியருக்குக் கார் லைசென்ஸ் போதும். காரில் இருப்பவரிடம் அந்த ஆணை மோட்டார் சைக்கிள், லொறி, பஸ் வகைகளையும் சேர்த்துக் கேட்டது. பாடநெறிக்குக் காசு கட்டுவதற்கு முன் இன்றைய தேதியில் எந்தெந்த வகை வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்புச் சான்றிதழும் கேட்பார்கள். லண்டன் ஏ லெவல் என்றால் அதை இங்கே செல்லுபடியாக்கும் வேலையை இப்போதே தொடங்குங்கள், அது தன்பாட்டில் இழுபடும்.

என் ஆலோசனை, வகுப்பு ஆசிரியர் பக்கத்தால் உள்ளே போங்கள். செலவு குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நம் ஆட்களுக்கு இங்கே கார் ஓடுவதைவிட எழுத்துச் சோதனைதான் மலை. 2021 டிசம்பரிலிருந்து 30 கூற்றுகள், 20 நிமிடம். ஒவ்வொன்றும் வேரோவா ஃபல்ஸோவா, அதாவது சரியா பிழையா என்று சொல்லவேண்டும். மூன்று பிழை வரை விடலாம், நாலாவது விட்டால் போச்சு. இத்தாலியன், பிரெஞ்சு, ஜேர்மன், இந்த மூன்று மொழியில்தான் எழுதலாம். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. இருபது வருடம் இந்த ஊர் வீடுகளில் வேலை செய்து, சந்தையில் சிசிலியன் பாஷையில் பேரம் பேசுகிற அக்காமார்கூட இந்தக் கூற்றுகளுக்கு முன்னால் தடுமாறுவார்கள். அது வீட்டுப் பாஷையும் இல்லை, சந்தைப் பாஷையும் இல்லை, சட்டத்தின் பாஷை.

ஓர் உதாரணம். தமிழில் "நிறுத்து" என்றால் எல்லாம் நிறுத்துதான். இத்தாலியச் சட்டத்தில் மூன்று உண்டு. நெரிசலாலோ சமிக்ஞையாலோ நிற்க நேர்ந்தால் அது அர்ரெஸ்தோ. ஆளை ஏற்ற இறக்கக் கொஞ்ச நேரம் நின்றால், சாரதி காரிலேயே, உடனே எடுக்கக்கூடிய நிலையில் இருந்தால் அது ஃபெர்மாத்தா. சாரதி விட்டுவிட்டுப் போகக்கூடிய மாதிரி நீண்ட நேரம் நின்றால் அது சோஸ்தா. என்னிடம் படித்த ஓர் அக்கா இந்த மூன்றிலேயே மூன்று தரம் தவறினார். கடைசியில் நான் புத்தகத்தை மூடிவிட்டு அவரை வாசலுக்குக் கூட்டிவந்தேன். எதிரே தலைமயிர் வெட்டும் கடை. வாசலில் இரண்டாவது வரிசையில் ஒரு கார், நாலு இண்டிகேட்டரும் மின்னிக்கொண்டு, உள்ளே ஆள் இல்லை. "அக்கா, இது என்ன?" என்றேன். "ஃபெர்மாத்தா" என்றார். "ஆள் எங்கே?" கடைக் கண்ணாடிக்குள்ளே ஒருவர் முகம் முழுக்கச் சவர நுரையோடு சாய்ந்திருந்தார். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இது சோஸ்தா" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியில் அவர் பிழை விடவில்லை. இரண்டாவது வரிசையில் சோஸ்தா செய்யக்கூடாது என்பதும் அதோடு சேர்ந்து ஏறிவிட்டது. நாலு இண்டிகேட்டர் போட்டால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் என்பது இந்த நாட்டின் பொது நம்பிக்கை. கேள்வி எழுதுபவர்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை.

நீங்கள் வகுப்பெடுத்தால் இப்படிப் பழக்கலாம். இத்தாலியப் பயிற்றுநருக்கு அந்த அக்கா எந்தச் சொல்லில் தடுக்கி விழுகிறார் என்பதே தெரியாது.

ஆனால் ஒன்று. தகுதி கிடைக்கும்வரை வீட்டில் வைத்துக் காசுக்கு வகுப்பெடுப்பது, காசு வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்து பழக்குவது இரண்டும் வேண்டாம். இத்தாலிய வீதிச் சட்டத்தின் 123ஆம் பிரிவு இதற்குத் தண்டம் போடுகிறது, அதுவும் சின்னத் தொகை அல்ல. நம் ஆட்களே நம் ஆட்களைக் காட்டிக்கொடுப்பார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

மருமகன் விஷயம் வேறு, அங்கே காசு இல்லை. ஃபொல்யோ ரோசா வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர் 65 வயதைத் தாண்டாதவராக, அதே வகை லைசென்ஸை பத்து வருடமாவது வைத்திருப்பவராக இருக்கவேண்டும். உங்கள் லைசென்ஸ் இத்தாலியனாக மாறிக் கையில் வரும்வரை பொறுங்கள், பிறகு பக்கத்தில் இருங்கள். காரின் முன்னும் பின்னும் பெரிய "P" எழுத்து ஒட்டவேண்டும். இங்கே அந்த எழுத்து லண்டன் "எல்" போலப் பரிதாபம் எதையும் வாங்கித் தராது, ஆனாலும் ஒட்டவேண்டும்.

சோதனை நாள் எப்படி இருக்கும் என்பதையும் அவனோடு சேர்ந்து நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் வருங்கால வேலை அது. லண்டனில் சோதனை அதிகாரி முன் சீட்டில் இருப்பார், பயிற்றுநர் விரும்பினால் பின்னால் இருக்கலாம். இங்கே எதிர்மாறு. பயிற்றுநர் முன்னால், இரட்டைப் பெடலோடு, அதிகாரி பின் சீட்டில். பிள்ளையின் காதுக்குப் பின்னாலிருந்து "வலப்பக்கம் திரும்புங்கள்" என்று குரல் மட்டும் வரும். உங்கள் கால் பிரேக்குக்கு மேலே நிற்கும். தொட்டால் பிள்ளை தவறிவிடும், தொடாமல் விட்டால் சிலவேளை கார் இடிபடும். இருபது வருடமாகியும் அந்த அரை மணி நேரத்தில் எனக்கு வலக்கால் கெண்டை இழுக்கும். கையும் மாறுகிறது. கியர் இனி உங்கள் இடக்கைப் பக்கம். முதல் மாதம் பிள்ளையின் கியர் பிழைத்தால் உங்கள் வலக்கை தன்பாட்டில் கதவுக் கைப்பிடியைப் பிடித்து இழுக்கும். எனக்கு ஒருமுறை கதவே திறந்தது.

சில்லறை விஷயங்கள் இரண்டு. பழைய நகரத்துக்குள் போவதற்கு முன், கட்டுப்பாட்டு வலயப் பலகையில் வார்கோ அத்தீவோ (கட்டுப்பாடு இப்போது நடைமுறையில்) என்று எரிகிறதா பாருங்கள். எரிந்தால் நுழையவேண்டாம், கமரா யாரையும் மன்னிப்பதில்லை, தண்டக் கடிதம் மாதங்கள் கழித்து வரும். கைத்தொலைபேசியைத் தொடவேண்டாம். 2024 டிசம்பர் 14இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி 250 முதல் 1,000 யூரோ வரை தண்டம், முதல் தரமே லைசென்ஸும் 15 நாள் முதல் இரண்டு மாதம் வரை முடங்கும். பக்கத்துக் காரில் எல்லோரும் காதில் வைத்திருக்கிறார்களே என்றால், லைசென்ஸை நம்பி வயிறு வளர்க்கப் போகிறவர் நீங்கள், அவர்கள் அல்ல.

கை நடுக்கத்துக்கு நான் சொல்லும் மருந்து கார் இல்லாமல் தொடங்குகிறது. மத்திய ரயில் நிலையத்தில் 101 பஸ் ஏறி, சாரதிக்குக் கிட்ட, முன் கண்ணாடி தெரியும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டு விளையாட்டரங்கம் வரை போங்கள். சாரதி எதைப் பார்க்கிறார் என்று மட்டும் பாருங்கள். அவர் இண்டிகேட்டரைப் பார்ப்பதே இல்லை, சில்லையும் தலைகளையும்தான் பார்க்கிறார். ஒரு கிழமை இப்படிப் போய் வந்தபிறகு, கிழமை நாளில் காலை ஆறரைக்குக் காரை எடுத்து மொன்தே பெல்லெகிரினோ மலை ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று நம் சனம் அங்கே உள்ள சாந்தா ரொசாலியா கோயிலுக்கு நடந்து ஏறுகிற நாள், மாமியிடம் கேட்டால் தெரியும். அந்தக் கொண்டையூசி வளைவுகளில் இரண்டாம் கியரும் வலக் கண்ணாடியும் கைக்குப் பழகும். மருமகனையும் கூட்டிப் போங்கள், ஆனால் பின் சீட்டில் இருத்துங்கள். சோதனை அதிகாரி மாதிரி வாய் திறக்காமல் வரவேண்டும் என்று முதலே சொல்லிவிடுங்கள். வளைவில் பின்னால் ஒருவர் லைட் வெட்டினால், இடம் கண்ட இடத்தில் ஓரமாக விட்டு அவரைப் போகவிடுங்கள்.